வலது பின்சக்கர டிரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கீழ்வீட்டுக்காரர் தன் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். பிரேக் டிஸ்க் துருப்பிடித்து சக்கரத்தைத் தாங்கும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கைபேசியை ஒரு பக்கெட்டின் மேல் சாய்த்து வைத்து, அதில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்து, டிஸ்க்கைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். மாடியில் நின்று மூன்று அடி வரைக்கும் பொறுத்தேன். நாலாவது அடிக்குக் கீழே இறங்கிவிட்டேன்.

"சார், நீங்க மெக்கானிக்கா இருந்தீங்களாமே? வீட்லயே கழட்டிடலாம்னு பார்த்தேன். அடிச்சா வராதுங்களா?"

"வரும். அடிச்சா எல்லாம் வரும். வந்தப்புறம் அத திரும்ப மாட்டலாமான்றதுதான் கேள்வி."

துரு இளக்கும் எண்ணெய் விட்டு, காபி குடித்து, டிஸ்க்கில் இருந்த இரண்டு ஓட்டைகளில் போல்ட் போட்டு மாற்றி மாற்றி முடுக்கினோம். அரைமணி நேரத்தில் அதுவாகவே நகர்ந்து வந்தது. அவருக்குச் சந்தோஷம். ஆனால் மனிதர் விடவில்லை. "நான் அடிச்சதுக்கு உங்க மூஞ்சி ஏன் சார் அப்படி மாறிச்சு?" என்றார். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில் இருந்த ஓர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் விவசாயம். கிணற்று ஆயில் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் அப்பாவிடம் வாங்கியதுதான் என் முதல் பாடம். அதன் பிறகு மூன்று வருஷம் சாமான் கழுவினேன், கிரீஸ் அடித்தேன், திட்டு வாங்கினேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒர்க்‌ஷாப்பின் தலைமை ராஜவேலு மேஸ்திரி. கழுத்துப் பொத்தான் வரை போட்ட காக்கிச் சட்டை. அதில் ஒரு சொட்டுக் கறை பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். எதையும் ஒரு தடவைதான் சொல்வார். கழற்றிய சாமானைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தால், முதலில் பெட்ரோலில் கழுவுவார். துடைப்பார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு, "கழட்டினியா, பேத்தெடுத்தியா?" என்று கேட்பார். பதில் அவருக்குத் தேவையில்லை, சாமானே சொல்லியிருக்கும். இரும்பிடம் அவ்வளவு மரியாதை வைத்திருந்த மனிதர், வண்டிக்குச் சொந்தக்காரரின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், வேலைக்காரர் என்று சொல்வேன்.

ஊரில் அப்போது கார்கள் கம்மி. இன்னார் வீட்டு அம்பாசிடர், டாக்டரம்மா ஃபியட் என்று ஒவ்வொன்றும் எங்களுக்குத் தெரியும். டிஸ்க் கிடையாது, டிரம்தான். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு இரும்புச் சட்டி கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு ஷூ. பெடலை மிதித்தால் அவை விரிந்து சட்டியின் உள்சுவரைப் பிடிக்கும், வண்டி நிற்கும். இந்த ஷூ சுவரோடு ஒட்டிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. சுற்றாத வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு எப்படிக் கொண்டுவருவது? நாங்கள்தான் சைக்கிளில் சாமான் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

இதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு சீசன் இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டியைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். சந்தனம், குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சாமி கும்பிட்ட வண்டி உருண்டுவிடக் கூடாது என்று ஹேண்ட்பிரேக்கைப் பலம் கொண்ட மட்டும் இழுத்து விட்டுவிடுவார்கள். கூடவே ஐப்பசி மழையும் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது, எலுமிச்சம்பழம் நசுங்காமல் பச்சையாக உட்கார்ந்திருக்கும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் பேச்சு நடக்கும். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டதுதான் காரணம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நாங்கள் கழற்றிச் சரிசெய்த பிறகு பூசணிக்காய் உடைத்தவர்களும் உண்டு.

கழற்றுகிற முறை பெரிய ரகசியம் இல்லை. கெட்டித் தரையில் பலகை போட்டு ஜாக்கி வைக்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்குக் கல். ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஒருமணி நேரம் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவையும் எடுத்துவிட்டு, பின்பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். உயிர்நாடி இதுதான். பழைய டிரம்மின் உள்சுவர் தேய்ந்து, வாய்ப்பக்கம் மட்டும் ஒரு விளிம்பு நிற்கும். ஷூ அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் ஷூ சுருங்கி வழிவிடும். அதுவும் துருவில் இறுகியிருந்தால், மண்ணெண்ணெய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் வந்து, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டினால் வரும். தளர்த்தாமல் அடித்தால் விளிம்பு ஷூவில் போய் மோதும். வார்ப்பிரும்பு வளையத் தெரியாதது. விரிசல் விட்டுவிடும்.

கழற்றிய டிரம்மை விரலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவோம். நல்ல டிரம் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது தகரம் மாதிரி கேட்கும். அப்படிக் கேட்டதைத் திரும்ப மாட்டக் கூடாது.

முதன்முதலில் டிஸ்க்கைப் பார்த்தது ஆசிரமத்துப் பக்கம். அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், தன் நாட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்த காரின் டிஸ்க் ஒட்டிக்கொண்டது என்று கூப்பிட்டு அனுப்பினார். நான் சுத்தியலை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிஸ்கட் டப்பாவிலிருந்து இரண்டு போல்ட்டை எடுத்து, டிஸ்க்கின் ஓட்டைகளில் மாட்டி, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று முடுக்கினார். டிஸ்க் சத்தமில்லாமல் கழன்று வந்தது. எனக்கு அங்கே வேலையே இல்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஆக, அடிக்காமல் கழற்றலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. அவலூர்பேட்டை ரோட்டில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்த ஒருவர் இருந்தார். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் அவருக்கு நெஞ்சுவலி வந்து, அவருடைய அம்பாசிடரிலேயே வேலூருக்குக் கொண்டுபோனார்கள். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அவருடைய மனைவியை ஊரே மண்டியம்மா என்று கூப்பிடும். கணவர் உயிர்விட்ட வண்டியில் வருஷம் திரும்பும் வரை யாரும் ஏறக் கூடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். கூரைக் கொட்டகையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, தார்ப்பாய் மூடிவிட்டார்கள். கூரை ஒழுகியது. திதி முடிந்து தை மாதம் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பெண் தன் அப்பா வண்டியில்தான் புகுந்த வீடு போக வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஒரே ஆசை. தார்ப்பாயை எடுத்துத் தள்ளிப் பார்த்தால் நாலு சக்கரமும் அசையவில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது.

மேஸ்திரி என்னைத்தான் அனுப்பினார். "பின்னாடி ரெண்டும் மோசமா இருக்கும். அட்ஜஸ்டர் தளரலன்னா மண்ணெண்ண வுட்டுட்டு வந்துடு. நாளைக்குப் போலாம்," என்றார். ஒரு தடவைதான் சொன்னார்.

அங்கே டிரைவர் ஏழுமலை எனக்காகக் காத்திருந்தார். மண்டிக்காரரிடம் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவர். வண்டியே ஓடாத அந்த ஒரு வருஷமும் தினம் வந்து, கொட்டகையைப் பெருக்கி, மண்டியில் மூட்டை எண்ணிவிட்டுப் போனவர். அந்த அம்மா அவரிடம் நேராகப் பேசுவதில்லை என்பதைக் கொஞ்ச நேரத்தில் கவனித்தேன். "அவன தண்ணி எடுத்தாந்து வெக்கச் சொல்லு" என்று வேறு யாரிடமாவது சொல்வார். ஏழுமலை அதைக் காதில் வாங்கிப் போய் எடுத்துவருவார்.

முன்சக்கரம் இரண்டும், இடது பின்சக்கரமும் முறைப்படி வந்தன. மூன்று டிரம்மும் கணீரென்று ஒலித்தன. உள்ளே ஷூவின் லைனிங், சிலிண்டர் எல்லாம் அவ்வளவு சுத்தம். ஏழுமலை வண்டியை வைத்திருந்த நேர்த்தி அதில் தெரிந்தது. வலது பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டேன். அட்ஜஸ்டர் அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி அதன் மூலை மழுங்க ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்திருக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிதான். மறுநாள் முழுசாக இருந்தது.

கல்யாண வீடு என்பதால் கொட்டகையைச் சுற்றி ஒரு கூட்டம். பெண்ணின் தாய்மாமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இவன் கையில ஆவாதுக்கா. வேலூர்ல எனக்குத் தெரிஞ்ச ஆளு கீறான், வரச் சொல்றேன். அவன் வந்தான்னா அஞ்சு நிமிஷம்," என்றார். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. சுருக்கென்று இருந்தது. பெரிய சுத்தியலை எடுத்தேன்.

"தம்பி, கட்டை வெச்சிக்க," என்றார் ஏழுமலை மெதுவாக.

வைக்கவில்லை. டிரம்மின் பின்விளிம்பில் நேராக அடித்தேன். மூன்றாவது அடியில் டிரம் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று ஒரே சத்தம். தாய்மாமன்கூட தலையை ஆட்டினார். நான் டிரம்மை விரலில் தொங்கவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு தட்டு தட்டினேன். தகரம்.

வாய்ப்பக்கத்திலிருந்து நாலு விரல் நீளத்துக்கு விரிசல். இரும்பில் பழைய விரிசல் என்றால் உள்ளே துரு ஏறிக் கறுத்திருக்கும். இது வெள்ளையாக மின்னியது. அப்போதுதான் விட்டது, நான் விட்டது. என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே வேலை செய்தது. ஷூவில் இருந்த கரியையும் கிரீசையும் வழித்து, துடைப்பதுபோல அந்தக் கோட்டின் மேல் தேய்த்தேன்.

"இன்னாப்பா, ஏன் நின்னுட்ட?" என்று கேட்டார் மண்டியம்மா.

"விரிசல் வுட்டிருக்கும்மா. பழைய விரிசல். இத மாட்டக் கூடாது, வேற டிரம் வாங்கணும்," என்றேன்.

ஒரு டிரம் போய் இன்னொரு டிரம் வரும், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக ஏழுமலையை நேராகப் பார்த்தார்.

"ஓ, இதானா! வேகமா போ, வேகமா போன்னு வழி பூரா கத்தினனே. நீ மெதுவாவே போன. பிரேக்கு ஒடஞ்சி இருக்குதுன்னு தெரிஞ்சிதான் மெதுவா போனியா? ஒடஞ்ச பிரேக்கோடவா அவர ஏத்திக்கினு போன?"

ஏழுமலை டிரம்மைப் பார்த்தார். பிறகு கரி படிந்த என் கட்டைவிரலைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். தாய்மாமன் பின்னாலேயே போய், இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி வழக்கம்போல டிரம்மைப் பெட்ரோலில் கழுவினார். கரி கரைந்தது, வெள்ளைக் கோடு தெரிந்தது. கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவில்லை. அங்கே நடந்ததை நானாகவே சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுல வேலூர் போயி வேற டிரம் வாங்கியாந்து மாட்டு," என்றார்.

"அந்த டிரைவரு இன்னா பண்ணுவாருங்க?"

"கல்யாண வீட்ல போயி இப்ப நான்தான் ஒடச்சேன்னு நிப்பியா? நாளைக்கு எவன் நம்ம கையில வண்டிய குடுப்பான்? வாய மூடிக்க."

அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. மேஸ்திரி பேச்சைக் கேட்டேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால் எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் வேலூரிலிருந்து டிரம் வாங்கிவந்து, லைனிங் மாற்றி, பிரேக் ஆயில் குழாயில் நின்ற காற்றை எடுத்து, பெடல் கல் மாதிரி நிற்கும்படி செய்துகொடுத்தேன். தாய்மாமன் தனக்குத் தெரிந்த வேறொரு டிரைவரை ஏற்பாடு செய்திருந்தார். வேலை சுத்தமாக முடிந்தது.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. வண்டியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக் கொடுக்கும்படி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். விடியற்காலை முகூர்த்தம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் போளூர்ப் பக்கம் கிளம்ப வேண்டும். நான் பிரேக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மண்டியம்மா ஒரு தட்டோடு எதிரே நின்றார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், அதன்மேல் ஒரு வேட்டி, துண்டு.

"வாங்கிக்கப்பா. நீ மட்டும் அன்னிக்கு அந்த விரிசல பார்த்து சொல்லலன்னா, என் பொண்ணையும் அந்த பிரேக்க நம்பி ஏத்தி வுட்டிருப்பேன்."

கை நீளவில்லை. வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. அந்த வேட்டியை எப்படிக் கட்டுவது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அம்மா, அது பழைய விரிசல் இல்ல. நான் அடிச்சதுல வுட்டது. கரிய தடவி மறைச்சிட்டேன்."

தாய்மாமன் "இன்னாது?" என்று பாய்ந்து வந்தார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அப்ப அன்னிக்கு பிரேக்கு நல்லா இருந்துச்சா?"

"நாலு சக்கரத்தையும் பிரிச்சி பார்த்தவன் சொல்றேம்மா. ஏழுமலை அண்ணன் மாதிரி வண்டிய யாரும் வெச்சிருக்க முடியாது."

"அப்ப ஏன் மெதுவா போனான்?"

"தீபத்துக்கு மறுநாள் இல்லீங்களாம்மா? ஊருக்குத் திரும்பற ஜனம் ரோடு பூரா…"

மேலே சொல்லத் தேவையில்லாமல் போனது. கணவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதே வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர் அவர்.

"ஆமா," என்றார். "கொயந்தைங்கள தோள்ல போட்டுக்கினு நடந்துச்சிங்க. நானுந்தான் பார்த்தேன்."

தட்டைப் பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் "போயி ஏழுமலைய கூட்டினு வா. அவன் வந்துதான் வண்டி கெளம்பும்," என்றார். ராகு காலத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்று தாய்மாமன் பல்லைக் கடித்தார். அந்த அம்மா காதில் வாங்கவில்லை.

ஏழுமலை வீடு ஏரிக்கரை ஓரம், சைக்கிளில் பத்து நிமிஷம். வாசலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"வெள்ளையா இருந்துச்சே தம்பி. பார்த்தேன்."

"அப்பவே ஏன்ணா சொல்லல?"

சவரக்கத்தியைக் கழுவினார். "ஒரு வருஷமா அந்தம்மா என் மூஞ்சிய பாக்கல. புருஷன் போயிட்டாரு, எதனாலன்னு கேட்டுக்கினே இருந்தாங்க. உன் டிரம்முல ஒரு பதில் கெடச்சிடுச்சி. அத நான் எப்பிடி புடுங்கறது?" பிறகு, "அவங்க கூப்டாங்களா, நீயா வந்தியா?" என்று கேட்டார்.

"அவங்கதாண்ணா."

மீதிக் கன்னத்தையும் மழித்து முடித்து, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தார். மேட்டில் மிதிக்க முடியாமல் நான் திணறியபோது இறங்கி நடந்தார். எனக்கு அழுகை வந்தது. வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

பிற்பாடு மேஸ்திரி இதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. ஆறு மாதம் என்னை எந்த வீட்டுக்கும் அனுப்பவில்லை. நியாயம்தான். அங்கேயே இன்னும் பல வருஷம் வேலை செய்தேன், எத்தனையோ டிரம்களைக் கழற்றினேன். அவையெல்லாம் ஒன்று மாதிரியே இருந்ததால் எழுத ஒன்றுமில்லை.

அன்றைக்கு நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சீட் காலியாக இருந்தது. மற்ற டிரைவர் ஒதுங்கி நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்து, பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தார், ஸ்டார்ட் செய்தார், ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். பத்தரைக்கு ஐந்து நிமிஷம். "வேகமா போனாத்தான் ராகு காலத்துக்குள்ள ஊர தாண்டலாம்," என்று தாய்மாமன் கத்தினார்.

மண்டியம்மா ஜன்னலருகே போய்க் குனிந்தார். கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கம்மா," என்றார் ஏழுமலை.

"மெதுவாவே போ."